கத்தலுக்கும் கேஸ் ஷீட்டில் ஒரு வரி

பூனை மருத்துவத்தில் நாம் எழுதிவைக்கத் தவறும் அறிகுறி எது என்று கேட்டால், குரல் என்றுதான் சொல்வேன். வெப்பநிலை, எடை, ஈறின் நிறம் எல்லாம் பதிவாகின்றன. "இவன் கத்துறதே மாறிப்போச்சு டாக்டர்" என்று வீட்டுக்காரர் சொல்வது மட்டும் காற்றோடு போய்விடுகிறது.

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று அதிகம் கத்திக்கொள்வதில்லை. குட்டி தாயை அழைக்கும் குரல் அது; மனிதரோடு வாழும் பூனை அதை ஆயுள் முழுக்க நமக்காக வைத்துக்கொள்கிறது. 1944இல் மில்ட்ரெட் மோல்க் பூனையின் ஒலிகளை 16 வகையாகப் பிரித்தார். ஆனால் இந்த மியாவுக்கு இதுதான் பொருள் என்று அகராதி போட முடியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்காஸ்ட்ரோவும் ஓரெனும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தனி மியாவ் ஒன்றைக் கேட்டவர்களால் அது எந்தச் சூழலில் எழுந்தது என்பதைக் குருட்டு ஊகத்தைவிடச் சற்றே கூடுதலாகத்தான் சொல்ல முடிந்தது. பூனையோடு பழகியவர்கள் கொஞ்சம் மேல். ஆகவே "ஏன் கத்துகிறது?" என்று கேட்பதைவிட, "வழக்கமான கத்தலிலிருந்து எப்படி மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து?" என்று கேட்பதே நமக்குப் பயன்.

"மணல் தட்டுல போய்ப் போய் உக்காந்து கத்துறான், ரெண்டு நாளா வெளிக்குப் போகல" என்று கடுவன் பூனையைக் கொண்டுவருபவர் மலச்சிக்கல் என்றே நம்பியிருப்பார். அடிவயிற்றைத் தடவினால் சிறுநீர்ப்பை கல்லாக இறுகியிருக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறுமுன் சிறுநீர் அடைப்பை நீக்கியாக வேண்டும். இந்தப் புகாரைத் தொலைபேசியில் கேட்டால் மலமிளக்கி சொல்லி அனுப்பாதீர்கள். உடனே கொண்டுவரச் சொல்லுங்கள்.

வயதான பூனை நள்ளிரவில் ஊளையிடுவதை 'வயசாயிடுச்சு' என்று ஒதுக்குவதும் தவறு. தைராய்டு மிகைச் சுரப்பு, உயர் ரத்த அழுத்தம், செவித்திறன் இழப்பு, மூளைத் தளர்ச்சி எல்லாம் அப்படித்தான் கத்தவைக்கும். ரத்த அழுத்தமும் டி4 அளவும் பார்க்காமல் தூக்க மருந்து எழுத வேண்டாம். குரல் திடீரெனக் கம்மி, எச்சிலும் வடிந்தால், வாய்க்குள் விரல் விடுமுன் ரேபிஸை நினைவில் கொள்ளுங்கள்.

குர்குர் ஒலிதான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. மேசையில் குர்குரென்று படுத்திருப்பதால் வலியில்லை என்று ஆகிவிடாது; பிரசவத்திலும், கடும் வலியிலும், சாகும் தறுவாயிலும்கூடப் பூனை குர்குரிக்கும். குர்குர் ஒலியால் ஸ்டெதாஸ்கோப்பில் இதய ஒலி கேட்காதபோது பக்கத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால் குர்குர் பெரும்பாலும் நின்றுவிடும். மான்ட்ரியல் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட வலி அளவுகோல் காது, கண், மூக்கு-வாய்ப் பகுதி, மீசை, தலைநிலை ஆகிய ஐந்தை மட்டுமே பார்க்கிறது. ஒலிக்கு அதில் மதிப்பெண் இல்லை. வலியை முகத்தில் அளப்போம். குரலை, வீட்டில் என்ன மாறியது என்று அறியக் கேட்போம்.

மருத்துவமனைக்குள் வந்ததும் பல பூனைகள் வாயே திறப்பதில்லை. எனவே அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே, வீட்டில் கத்துவதைக் கைப்பேசியில் படம்பிடித்து வரச் சொல்லுங்கள். கேட்டதைத் தேதியோடு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.