யூதரைப் போல என்போர் அடுப்படியைப் பார்த்ததுண்டா?

புலம்பெயர் தமிழர் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் வாசகம் ஒன்றுண்டு: "யூதரைப் பாருங்கள், அவர்களைப் போல நாமும் ஆகவேண்டும்." முப்பது ஆண்டுகளாக இதைக் கேட்டுச் செய்தி எழுதியவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். இவ்வாறு முழங்குவோரில் எத்தனை பேர் ஒரு யூதச் சமையற்கூடத்தை எட்டியாவது பார்த்திருக்கிறார்கள்?

நான் பார்த்தேன். 2024 டிசெம்பரில் ரொறன்ரோ சென்றிருந்தபோது, பருத்தித்துறையைச் சேர்ந்த என் பள்ளித் தோழன் தான் வேலை செய்யும் கோஷர் விருந்துச் சமையற்கூடத்துக்கு என்னை அழைத்துச் சென்றான். அவ்வாண்டு ஹனுக்கா டிசெம்பர் 25 மாலை தொடங்கவிருந்தது. கி.மு. 164இல் யெருசலேம் ஆலயம் மீட்கப்பட்டபோது ஒரு நாளுக்குரிய எண்ணெய் எட்டு நாட்கள் எரிந்ததாம். அதன் நினைவாக எண்ணெய்ப் பண்டங்கள் உண்கிறார்கள்.

மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு. துருவி, வெங்காயம் சேர்த்து, துணியிலிட்டுப் பிழிகிறார்கள். பிழிந்த நீரின் அடியில் படியும் மாவை வழித்து மீண்டும் கலக்கிறார்கள். முட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குவளையில் உடைத்து, இரத்தப்பொட்டு உண்டா என்று பார்த்த பின்னரே சேர்க்கிறார்கள். தட்டையாகப் பொரித்தெடுத்து ஆறவைத்து உறைகுளிரில் அடுக்குகிறார்கள். இதுதான் லட்கே. இறைச்சிக்கும் பாலுக்கும் பாத்திரங்கள் வேறு, கத்திகள் வேறு. இறைச்சிக் கத்தியால் வெட்டிய வெங்காயம் பால் உணவுக்கு ஆகாது. வெங்காயத்தின் காரம் கத்தியின் சுவையை இழுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு.

காலையில் மேற்பார்வையாளர் வந்து அடுப்புகளைப் பற்றவைக்கிறார். "அதுக்குப் பிறகு எல்லாம் என்ரை கைதான், மச்சான்" என்றான் தோழன். யூதரல்லாதவர் தனியே சமைத்ததை உண்ணலாகாது. ஆனால் நெருப்பை ஒரு யூதர் மூட்டினால் போதும் என்பது ஐரோப்பிய வழி யூதரின் மரபு. கீழைத்தேய வழியினர் இன்னும் கண்டிப்பானவர்கள்.

இந்த விதி ஒன்றும் மாசற்றதன்று. பிறருடன் மணவுறவு ஏற்படாதிருக்கக் கட்டிய மதில்களுள் இதுவும் ஒன்று. நான் அதற்குப் பல்லக்குத் தூக்க வரவில்லை. எனினும் அந்த மதிலிலும் ஒரு வாசல் வைத்து, அந்த வாசலால் என் தோழனின் கை உள்ளே போக வழி எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊரிலோ கையே தீட்டு. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மனிதர்களைத் தடுத்து நின்ற சமூகத்தின் பிள்ளைகள்தாம் நாங்கள். யூதரிடம் எதைக் கற்கச் சொல்கிறார்கள் இந்தப் பேச்சாளர்கள்? மதிலையா, வாசலையா?

இன்னொன்று. ஹனுக்கா விளக்கு எரியும் அரைமணி நேரமாவது பெண்கள் வேலை செய்யாதிருப்பது அவர்களின் பழைய வழக்கம். தையலும் துவைத்தலும் கூடா. சமையல் செய்யலாம் என்று மதகுருமார் பலர் கூறுவர். அடுப்படிக்கு எந்த மதத்திலும் விடுமுறை கிடைப்பதில்லைப் போலும்! ஆயினும் பெண்ணின் ஓய்வு அங்கே ஒரு பேச்சாகவேனும் இருக்கிறது. பலஸ்தீனத்தில் அக்காலத்தில், 1920இல் உருவான ஹிஸ்டாட்ரூட் தொழிற்சங்கம், வீட்டில் எளிதிற் செய்யும் லட்கேயை விட வெதுப்பகத் தொழிலாளர் தேவைப்படும் ஜாம் வைத்த டோனட்டையே முன்னிறுத்தியது என்று சொல்லப்படுவதுண்டு. பண்டிகைப் பண்டத்திலும் கூலியை நினைத்த கதை அது.

எங்கள் பொங்கல் விழாக்களில் என்ன நடக்கிறது? அதே நகரில் ஒரு மன்றத்தின் விழாவுக்கு ஒருமுறை போயிருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கே வந்து உழுந்து அரைத்து, முந்நூறு பேருக்கு வடை சுட்டவர்கள் ஆறு அக்காமார். ஒரு சதம் கூலி இல்லை. நன்றியுரையில் ஒலியமைத்தவரின் பெயர் வந்தது, மண்டபம் தந்தவரின் பெயர் வந்தது. இவர்களின் பெயர் வரவில்லை. கடைசிப் பந்தியில் ஆறிய பொங்கலை நின்றபடியே தின்றார்கள். மேடையிலிருந்தவர் அப்போதும் யூதரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

தொண்டு என்பார்கள். தொண்டென்றால் தலைவரும் செயலாளரும் மாவரைக்க வரட்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையை வாசிக்கையில், சமையல் செய்தவருக்குக் கொடுத்த தொகை என்று ஒரு வரி அதில் இருக்கிறதா என எழுந்து கேளுங்கள்.