பதாகையில் இடம்பெறாத பிள்ளை யாருடைய அமானிதம்?

 

2017ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு நல்லதொரு முடிவை எடுத்தது. பொதுத்தேர்வு முடிவுகளோடு மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. பிள்ளைகளின் மன உளைச்சலைக் குறைப்பதே அதன் நோக்கம். அரசு இறக்கிவைத்த அந்தச் சுமையை நாம் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டோம். முடிவுகள் வந்த வாரமே மஹல்லாத் தெருமுனையில் பதாகை எழுகிறது. முதல் மூன்று பிள்ளைகளின் பெயரும் மதிப்பெண்ணும் அதில் மின்னுகின்றன. ஜும்ஆவுக்குப் பின் கேடயம் வழங்குகிறோம். நான்காவது பிள்ளையும் நாற்பதாவது பிள்ளையும் அந்தப் பதாகையைக் கடந்துதான் பள்ளிவாசலுக்கு வர வேண்டியிருக்கிறது. அவர்கள் யாருடைய அமானிதம்?

2020 செப்டம்பர் 12. நீட் தேர்வுக்கு முந்தைய நாள். நம் மதுரையில் 19 வயது மாணவி ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் இவ்வாறு நாம் இழந்த பிள்ளைகள் மூவர். ஒரு மரணத்திற்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது அறிவுடைமை ஆகாது. ஆனால் இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் "தற்கொலை ஹராம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோமே, அது போதுமா? ஹராம்தான், ஐயமில்லை. எனினும், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்ல நம் வீட்டுப் பிள்ளைக்கு இடம் உண்டா? சொன்னால், "இவ்வளவு செலவு செய்தோமே, எங்கள் மானம் என்னாவது?" என்பதுதானே பல வீடுகளில் கிடைக்கும் மறுமொழி?

தேர்வறைக்குள் நுழையுமுன் மூஸா நபி (அலை) அவர்களின் துஆவை ஓதும்படி பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறோம். அதன் பொருளை நாம் சிந்தித்ததுண்டா? ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை வந்தபோது அந்த மாபெரும் நபி தம் குறையை மறைக்கவில்லை. நெஞ்சை விரிவாக்கக் கேட்டார்; நாவின் முடிச்சை அவிழ்க்கக் கேட்டார்; சகோதரர் ஹாரூனைத் துணையாகக் கேட்டார். அஞ்சுவதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். அல்லாஹ் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தான் உடனிருப்பதாக ஆறுதல் அளித்தான். நபியின் அச்சத்துக்கே இடமளித்த மார்க்கத்தில், பதினாறு வயதுப் பிள்ளையின் அச்சத்துக்கு நாம் இடம் மறுக்கிறோம். இன்னொன்றையும் கவனியுங்கள். ஹாரூன் (அலை) துணையாகத்தான் வந்தார். மூஸா நபிக்குப் பதிலாகச் செல்லவில்லை.

நாமோ பிள்ளைக்குப் பதிலாகவே நடக்க முயல்கிறோம். ஃபஜ்ருக்குப் பின் ஒரு டியூஷன், பிறகு பள்ளி, மாலையில் மற்றொரு டியூஷன், இரவில் தாயார் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒப்பிக்கச் சொல்வது. அட்டவணை நம்முடையது, கேள்வியும் நம்முடையது, பதிலும் நோட்டில் உள்ளது. இந்தப் பிள்ளை எந்நேரத்தில் தானே சிந்திக்கும்? தேர்வில் வினா சற்றே திரும்பிவிட்டால் கை நடுங்குகிறது. தன் காலில் நிற்கப் பழக்காத பிள்ளையைத் திடீரெனத் தனியே நிறுத்தினால் நடுங்காமல் என்ன செய்யும்?

"குர்ஆனையே மனனம் செய்யும் சமுதாயம் நாம்; மனனத்தைக் குறை கூறலாமா?" என்று சிலர் கேட்பர். ஹிஃப்ழு மதரஸாவை உற்று நோக்குங்கள். மாணவர் புதிய சபக்கை ஓதுகிறார். பழைய பாடத்தை நாள்தோறும் திருப்புகிறார். முஸ்ஹஃபை மூடிவைத்து உஸ்தாதிடம் ஒப்பிக்கிறார். எங்கே தவறினோம் என்பது அவருக்கே தெரிந்துவிடுகிறது. 2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் வெளியிட்ட ஆய்வும் இதனையே காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவில் வைத்திருந்தனர். ஹிஃப்ழிலிருந்து நாம் கற்க வேண்டியது, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் இந்த ஒழுங்கைத்தான். இறைவசனத்தை எழுத்துப் பிசகாமல் காப்பது கடமை. இயற்பியல் விடையை நோட்டின் சொல் மாறாமல் எழுதுவது யார் விதித்த கடமை?

இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர்களான இமாம் அபூ யூசுஃபும் இமாம் முஹம்மதும் எத்தனையோ மஸ்அலாக்களில் ஆசிரியரிடமிருந்து மாறுபட்டனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தம் ஆசிரியர் இமாம் மாலிக்கிடமிருந்து (ரஹ்) மாறுபட்டார். இத்தகைய மாணவர்களின் மரபில் வந்தவர்கள் நாம். நம் வீட்டிலோ "ஏன்?" என்று கேட்கும் பிள்ளைக்கு வாயாடி என்று பெயர்.

"நமக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடுதான். மதிப்பெண் இல்லாவிட்டால் ஏழைப் பிள்ளைக்கு ஏது வழி?" என்பர். நியாயமான கவலை. அதனால்தான் சொல்கிறேன்: டியூஷன் ஆசிரியர் கல்லூரிக்கு உடன் வரமாட்டார். தானே கற்கத் தெரியாத பிள்ளை, பெற்ற இடத்தையும் காக்க இயலாது தடுமாறும்.

ஆகவே ஜமாஅத்தார்களே! இவ்வாண்டு பதாகையை நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் மதரஸாக் கூடத்துக்கு விளக்கும் மேசையும் வாங்குங்கள். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே அதைப் படிக்கும் இடமாகத் திறந்துவிடுங்கள். மூத்த மாணவர் ஒருவர் இளையவர்களின் ஐயம் தீர்க்கட்டும். பெண்பிள்ளைகளுக்கும் தனி இடம் ஒதுக்குங்கள். நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு நம்மில் எத்தனை தந்தையர் பிள்ளையை அழைத்துச் சென்றோம்?

பெற்றோர்களே! ஐவேளைத் தொழுகை நாளை அழகாகப் பகுத்துத் தந்திருக்கிறது. அதற்குள் எதை எப்போது படிப்பது என்பதைப் பிள்ளையே வகுக்கட்டும். இஷாவுக்குப் பின் உறங்க விடுங்கள், அது நபிவழியும்கூட. மதிப்பெண்ணைக் கேட்குமுன் "இன்று எது புரியவில்லை?" என்று கேளுங்கள். பிள்ளை உண்ணாமல், உறங்காமல், ஒதுங்கியிருந்தால் அதட்டாதீர்கள், அருகில் அமருங்கள். உயிரை வெறுத்துப் பேசினால் தனியே விடாதீர்கள். 104 அல்லது 14416 என்ற எண்ணை உடனே அழையுங்கள். உதவி நாடுவது ஈமானின் குறைவு அன்று. மூஸா நபியும் துணை கேட்டார்.

மறுமையில் நம் பிள்ளைகளைப் பற்றி நாம் விசாரிக்கப்படுவோம். அந்த விசாரணையில் மதிப்பெண் பட்டியல் நமக்குச் சாட்சி சொல்லாது. அல்லாஹ் நம் பிள்ளைகளின் நெஞ்சங்களை விரிவாக்குவானாக. அவர்களுக்கு இடமளிக்கும் நெஞ்சத்தை நமக்கும் தருவானாக. ஆமீன்.