எங்கள் காரில் மூத்தம்மாவுக்கு இடம் எங்கே?

எங்கள் கார் ஐந்து பேருக்கானது. எங்கள் வீட்டிலும் ஐந்து பேர்தான். ஆனாலும் போன தவணை விடுமுறையில் குருத்தலாவைக்குப் புறப்பட்டபோது நான்கு பேர்தான் காரில் ஏறினோம். மூத்தம்மா இருக்க வேண்டிய இடத்தில் இருபது தேங்காயும், ஒரு அரிசிப் பையும், நான்கு தலையணைகளும் இருந்தன.

போனது சாச்சி வீட்டுக்கு. சாச்சி மூத்தம்மாவின் கடைசி மகள். கலியாணம் முடித்து மலைநாட்டுக்குப் போனவர். இரண்டு வருடமாகத் தாயும் மகளும் முகம் பார்க்கவில்லை. மகளுக்காகக் கட்டிய சாமான்கள் தாயின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. "எனக்கென்ன மனெ, நான் மாமி ஊட்ட கிடந்திருவன். நீங்க போய்ட்டு வாங்க" என்று மூத்தம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் நான்கு பேரும் அதை அப்படியே நம்பிவிட்டோம். நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

இதை எங்கள் வீட்டு விஷயம் என்று வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். வகுப்பில் பேச்சுவாக்கில் சொன்னபோது பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான் என்று தெரிந்தது. ஒருத்திக்கு வாளி மடியில். இன்னொருத்தி பண்டாரவளை வரைக்கும் காலைத் தொங்கப்போட இடமில்லாமல் போயிருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். பெற்றோரும் இந்த மலரை வாசிப்பார்கள் என்ற தைரியமும் இருக்கிறது.

எங்களுடையது அல்டோ 800. அதன் டிக்கியின் கொள்ளளவு 177 லீற்றர். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 50 கிலோ அரிசி மூட்டை மூன்றுகூட அதற்குள் முழுதாக அடங்காது. முந்தி எங்கள் ஊரில் பயணம் என்றால் வேன்தான். பின்னால் பாயை விரித்து, சட்டி பானையோடு ஏறலாம். இப்போது குடும்பங்கள் சிறுத்து, வேன் விலை எட்டாத உயரத்துக்குப் போய், வீட்டுக்கு ஒரு சின்னக் கார் வந்திருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஆகவே இருக்கிற காரைத்தான் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறோம். வாகனம் சிறுத்துவிட்டது. சாமான் கட்டும் கை மட்டும் வேன் காலத்திலேயே நிற்கிறது.

வெகன் ஆர் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் அந்த வகைக் காருக்குச் சட்டமே அளவு போட்டிருக்கிறது: நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், இயந்திரம் 660 சீசீ. அதற்குமேல் போகக் கூடாது. கூரை உயரம் என்பதால் கண்ணாடியை மறைக்கும்வரை அடுக்க ஆசை வரும், அவ்வளவுதான்.

சுபஹ் தொழுதுவிட்டு அக்கரைப்பற்றிலிருந்து புறப்பட்டோம். வாப்பா பயண துஆ ஓதினார். நான் மூன்று பைகளுக்கு நடுவில் ஆமீன் சொன்னேன். தம்பி அரிசிப் பையின் மேல் இருந்தான். கால் மணித்தியாலம் ஓடியிருப்போம், பின்பக்கமிருந்து ரப்பர் கருகுகிற மணம் வந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் 'கிரீச்' என்று ஒரு சத்தம். தம்பிலுவிலில் வீதியோரமாக ஒரு டயர் கடை அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தது. கடைக்காரர் குனிந்து பார்த்தார். பின் டயர் மட்காட்டில் உரசியிருந்தது.

"காக்கா, காத்து நான் அடிச்சுத் தாறன். ஆனா காத்தடிச்சாப்போல சாமான் குறையாது. இந்தப் பாரத்தோட மலை ஏறக்குள்ளயும் கஷ்டம், இறங்கக்குள்ள அதவிடக் கஷ்டம்" என்றார்.

வாப்பாவுக்குக் கோபம் வரப் போகிறது என்று நினைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் டிக்கியைத் திறந்தார். அந்த மனிதர் கடைக்குள் போய் ஒரு பாயை எடுத்து வந்து தரையில் விரித்தார். ஒவ்வொன்றாக இறக்கினோம். சக்கரம் வைத்த கட்டிச் சூட்கேஸ் இரண்டு. தலையணை நான்கு. பெட்ஷீட் மூட்டை. சோற்றுச் சட்டி, இறைச்சிக் கறிச் சட்டி, அவற்றைச் சுற்றிய துவாய்கள். பிளாஸ்க் இரண்டு. கருவாட்டுப் பெட்டி. தொதல். சாச்சிக்கு எடுத்த மருதமுனைச் சாரி. தொழுகைப் பாயும் துணிகளும். ஒரு பிளாஸ்டிக் வாளி. அது எதற்கென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பாய் நிறைந்து சாமான் வெளியே வந்தது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை மெதுவாக்கிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"இவ்வளவும் நாமளா ஏத்தின?" என்றார் வாப்பா.

உம்மா பாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "உம்மாட இடத்திலதான் இதெல்லாம் வந்திருக்கு" என்றார்.

உம்மாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. முதல்நாள் இரவு ஒரு மணிவரை நின்று சமைத்துக் கட்டியது அவர்தான். மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் அவருக்குத்தான். பொத்துவில் தாண்டினால் ஹலாலாகவும் மலிவாகவும் எங்கே சாப்பிடுவது என்ற யோசனையும் அவருக்குத்தான். அந்த யோசனை நியாயமானது. நான்கு பேர் கடையில் சாப்பிட்டு எழும்பும்போது வருகிற பில் எங்களைப் போன்ற வீடுகளுக்குச் சின்ன விஷயமல்ல. நான் கேட்பது ஒன்றுதான்: சோற்றை ஏன் சட்டியோடு கொண்டுபோக வேண்டும்? வாழையிலையில் ஆளுக்கொரு பார்சல் கட்டினால், லகுகலக் காட்டைத் தாண்டி ஒரு மரநிழலில் சாப்பிட்டதும் அந்த இடம் வெறுமையாகிவிடும். சட்டி போகும்போதும் இடம் பிடிக்கும், வரும்போதும் இடம் பிடிக்கும்.

தலையணையும் அப்படித்தான். சாச்சி வீட்டில் தலையணை இல்லையா? ஒரு அழைப்பில் கேட்டிருக்கலாம். சூட்கேஸ் வளையாது, சின்ன டிக்கியின் மூலைகளை அது வீணாக்கும். துணிப் பையை எந்த மூலையிலும் திணிக்கலாம். ஆளுக்கு ஒரு துணிப் பை என்று வைத்தால் எங்கள் சண்டையில் பாதி முடிந்துவிடும். பாரமானவற்றை டிக்கியின் அடியில், பின் ஆசனத்தின் முதுகோடு ஒட்டி வைக்க வேண்டும் என்பதையும் அந்தக் கடைக்காரர்தான் சொல்லித் தந்தார். டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பது சாரதியின் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் சிறு தாளில் இருக்கிறதாம். ஆறு வருடம் அந்தக் காரில் ஏறி இறங்கியும் எங்களில் ஒருவரும் அதை வாசித்ததில்லை.

பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டில் பிளாஸ்க்கை வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இருந்தது. பௌதிகவியல் படிக்கும் தங்கைகள் இதைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோ மீற்றர் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர். கார் எதிலாவது மோதி நின்றால் பிளாஸ்க் நிற்காது. அதே வேகத்தில் முன்னால் வரும். பத்து மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக்கு மேலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகமும் அதுதான். அது வருகிற வழியில் இருப்பது என் தலையும் தம்பியின் தலையும். அரிசிப் பைக்கு மேல் இருந்த தம்பிக்கு ஆசனப்பட்டி போடவும் வழியிருக்கவில்லை.

பாரம் கூடினால் இறக்கத்தில் பிரேக்குக்கு வேலை கூடும், சூடேறும், பிடிமானம் குறையும். எல்லையிலிருந்து வெல்லவாய இறங்கும் வீதியைப் பார்த்தவர்களுக்கு அந்த வளைவுகளை நான் விவரிக்கத் தேவையில்லை. 2025 செப்டம்பரில் அந்த வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து பல உயிர்கள் போயின. அந்தச் செய்தி வந்த இரவு வாப்பா தம்பிலுவில் கடைக்காரரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அன்று கடைக்காரர் காற்றடித்த காசை மட்டும் எடுத்தார். வாப்பா காரை வந்த வழியே திருப்பினார். வீட்டில் சூட்கேஸ்களைப் பிரித்துத் துணிப் பைகளாக்கினோம். தலையணை, வாளி, அரிசி எல்லாம் இறங்கின. இருபது தேங்காய் ஐந்தாகியது. சோறு பார்சலாகியது. கருவாடு மட்டும் இறங்கவில்லை. அதற்கு உம்மா சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அரை மணித்தியாலம் போனது. அவ்வளவுதான் செலவு.

மூத்தம்மாவைக் கூப்பிட மாமி வீட்டுக்கு நான்தான் ஓடினேன். அவர் உடுத்துத் தயாராக இருந்தார். எப்படி என்று நான் கேட்கவில்லை. கையில் ஒரே ஒரு பை. அதற்குள் ஒரு சாரி, மருந்து, பிறகு ஒரு பொலித்தீன் உறைக்குள் அடையாள அட்டை, காணி உறுதி, மூத்தப்பாவின் மரணச் சான்றிதழ். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அந்த உறை இல்லாமல் அவர் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. கடல் வந்தபோது எதை எடுப்பது என்று தெரியாமல் ஓடிய ஆள் அவர். சாமானைக் குறை என்று யாரிடமும் சொல்லலாம், அந்த உறையை வைத்துவிட்டு வாருங்கள் என்று அவரிடம் சொல்ல எங்களுக்கு வாய் வராது. அது மடியில் வைத்துக்கொள்ளும் அளவுதான்.

சாச்சி வாசலில் நின்று அழுததைப் பற்றி எழுதினால் அவர் என்னோடு கோபித்துக்கொள்வார். தேங்காய் எத்தனை வந்தது என்று மட்டும் அவர் கேட்கவேயில்லை.

திரும்பி வரும் நாள் காலையில் கதை மறுபடி தொடங்கியது. கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று சாச்சி ஒரு சாக்கையே கட்டி வைத்திருந்தார். டிக்கியில் கொள்ளவில்லை. சாச்சா அதைத் தூக்கிவந்து பின் ஆசனத்தில் வைத்தார். காரருகே நின்ற மூத்தம்மா சாக்கைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார்.

"அப்ப நான் எங்க மனெ இருக்கிற?"

வாப்பா சாக்கை இறக்கி, லீக்ஸில் நான்கு பிடியை மட்டும் எடுத்துக்கொண்டார்.