ஒதுக்கி வைத்தது கொடுத்ததாகுமா?



சென்ற டிசம்பரில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபைச் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்து, “ஐயா, இந்த வருஷத் தசமபாகம் முழுவதையும் டோனர் அட்வைஸ்டு ஃபண்டில் போட்டுவிட்டேன்” என்று மகிழ்ச்சியோடு சொன்னார். “யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, “அதை இன்னும் தீர்மானிக்கவில்லை. போன வருஷம் போட்டதும் அப்படியே இருக்கிறது” என்றார். அவர் உத்தமமான விசுவாசி. கொடுக்க மனமில்லாதவர் அல்லர். ஆயினும் அந்தப் பதில் என் உள்ளத்தைவிட்டு அகலவில்லை. அவருடைய அனுமதியோடே இதை எழுதுகிறேன்.

இந்தக் கணக்கைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். தருமக் காரியங்களுக்கென்றே அமெரிக்காவில் உள்ள ஓர் ஏற்பாடு இது. ஒரு தரும நிறுவனத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கிப் பணத்தையோ பங்குகளையோ அதில் செலுத்துகிறீர்கள். செலுத்திய ஆண்டிலேயே வருமான வரிக் கழிவு கிடைத்துவிடுகிறது. பின்னர் எந்தச் சபைக்கு, எந்த ஊழியத்துக்கு, எவ்வளவு கொடுக்கலாம் என்று நீங்கள் ஆலோசனை சொல்ல, நிறுவனம் அனுப்புகிறது. 1931ஆம் ஆண்டில் நியூயார்க் கம்யூனிட்டி டிரஸ்டில் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்த முறை, 1991இல் ஃபிடெலிட்டி போன்ற முதலீட்டு நிறுவனம் இறங்கியபின் பரவலாயிற்று. விசுவாசிகளுக்கென்று நேஷனல் கிறிஸ்டியன் ஃபவுண்டேஷன் 1982 முதல் இருந்துவருகிறது.

இதில் நன்மை இல்லையென்று நான் சொல்லவில்லை. 2,000 டாலருக்கு வாங்கிய பங்குகள் சில ஆண்டுகளில் 10,000 டாலராகப் பெருகியிருந்தால், அவற்றை விற்றுக் கொடுப்பவர் 8,000 டாலர் ஆதாயத்துக்கு வரி செலுத்தவேண்டும். பங்குகளாகவே கணக்கில் செலுத்துபவருக்கு அந்த வரி இல்லை. ஆகவே ஊழியத்துக்குச் சேருவது அதிகமாகிறது. 2017ஆம் ஆண்டின் வரிச்சட்டம் எல்லோருக்கும் பொதுவான கழிவை ஏறக்குறைய இரு மடங்காக உயர்த்தியபின், இரண்டு மூன்று ஆண்டுகளின் காணிக்கையை ஒரே ஆண்டில் செலுத்துவது பலருக்கு இலாபமாயிற்று. பெயரை வெளியிடாமல் கொடுக்கவும் வழி உண்டு. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற ஆண்டவரின் போதனைக்கு அது இசைவானதே. வரியைச் சட்டப்படி குறைத்துக்கொள்வது பாவமும் அல்ல.

அப்படியானால் எது என்னை உறுத்துகிறது? காலக்கெடு இல்லாமையே. தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தங்கள் சொத்தில் சுமார் 5 சதவிகிதத்தைத் தருமத்துக்குச் செலவிடவேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. இந்தக் கணக்குகளுக்கோ அத்தகைய கட்டளை இல்லை. இன்று இவற்றில் 250 பில்லியன் டாலருக்கு மேல் இருக்கிறது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் ஆண்டுதோறும் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் வெளியே செல்கிறது என்பது உண்மை. ஆனால் அது சராசரி. தாராளமாய் அனுப்புகிறவரின் கணக்கும், ஒன்றும் அனுப்பாதவரின் கணக்கும் அதில் ஒன்றாய்ச் சேர்ந்துவிடுகின்றன. உங்கள் கணக்கு எந்த வகையானது என்பதைச் சராசரி சொல்லாது.

2 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். ஜனங்கள் கொண்டுவரும் பணத்தைக்கொண்டு ஆலயத்தின் பழுதுகளைச் சீர்ப்படுத்தும்படி யோவாஸ் ராஜா ஆசாரியர்களுக்குச் சொல்லியிருந்தான். அவனுடைய ஆட்சியின் 23ஆம் ஆண்டிலும் பழுதுகள் அப்படியே இருந்தன. ஆசாரியர்கள் திருடினார்கள் என்று வேதம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜனங்கள் கொடுத்தார்கள், ஆசாரியர்கள் வாங்கினார்கள். ஆனால் சுவர் இடிந்தே கிடந்தது. பிறகு யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தருகே வைத்தான். பெட்டி நிறைந்தபோதெல்லாம் பணம் எண்ணப்பட்டு, தச்சர்களின் கைக்கும் கொத்தர்களின் கைக்கும் போயிற்று. பெட்டியின் சிறப்பு அது நிறைந்ததில் அல்ல, வேலை நடக்கும்படி மறுபடியும் மறுபடியும் வெறுமையானதில் இருந்தது.

கொரிந்து சபையாரையும் நினைத்துப்பாருங்கள். எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காக வாரத்தின் முதல் நாளில் அவரவர் ஒதுக்கிவைக்கும்படி பவுல் அவர்களுக்கு எழுதினார். ஒதுக்கிவைப்பது வேதத்துக்கு விரோதமானதல்ல, அப்போஸ்தலனே கற்றுக்கொடுத்தது. ஆனால் அடுத்த நிருபத்தில், ஓராண்டுக்கு முன் ஆர்வத்தோடு தொடங்கியதை இப்போது செய்து முடியுங்கள் என்று அவர்களை ஏவுகிறார். கொரிந்துவில் பணம் ஒதுங்கியிருந்த நாளெல்லாம் எருசலேமில் பசி இருந்தது.

சட்டத்தின்படி, அந்தக் கணக்கில் போட்ட பணம் இனி உங்களுடையது அல்ல. திரும்பப் பெறவும் முடியாது. ஆனால் இருதயமோ அதைத் தன்னுடையது என்றே பார்த்துக்கொண்டிருக்கிறது. கைப்பேசியில் இருப்பு வளருவதைக் கண்டு மகிழ்கிறோம். கொடுத்தவனின் திருப்தியும் வைத்திருப்பவனின் திருப்தியும் ஒருங்கே கிடைக்கின்றன. இதுவே இதிலுள்ள கண்ணி என்பது என் கருத்து.

இன்னொன்றையும் மறவாதிருங்கள். இந்தக் கணக்கிலிருந்து தனிமனிதருக்குப் பணம் கொடுக்க இயலாது. வேலை இழந்து உங்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கண்ணீரோடு ஜெபிக்கிறவரின் வீட்டு வாடகையை அது செலுத்தாது. உங்கள் சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப விரும்பினால், எல்லா நிறுவனங்களும் நேரடியாக அனுப்ப இசைவதில்லை. பெறுகிறவர்களும் இந்தியாவின் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்கவேண்டும். ஆகையால் தசமபாகம் முழுவதையும் அங்கே பூட்டிவிட்டால், கண்ணெதிரே நிற்கும் லாசருவுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இராது.

பெரிய காரியத்துக்காகச் சேர்த்து வைப்பது தவறா என்று நீங்கள் கேட்கலாம். தவறல்ல. யோசேப்பு ஏழு ஆண்டுகள் தானியத்தைச் சேர்த்துவைத்தான். ஆனால் யாருக்காகச் சேர்க்கிறான், எப்போது திறப்பான் என்பது முதல் நாளிலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது. பஞ்சம் வந்தபோது களஞ்சியங்கள் திறந்தன. உங்கள் கணக்குக்கும் அப்படி ஒரு நோக்கமும் ஒரு நாளும் உண்டா?

ஆகவே என் ஆலோசனை இதுவே. கணக்கில் பணம் போடும் நாளிலேயே, அது யாருக்கு என்று குடும்பமாய் ஜெபித்து எழுதிவையுங்கள். இந்த டிசம்பரில் உள்ளே சென்றது அடுத்த டிசம்பருக்குள் வெளியே செல்லட்டும். சட்டம் விதிக்காத கெடுவை நீங்களே விதித்துக்கொள்ளுங்கள். ஏழைக்கு நேரடியாய்க் கொடுக்க ஒரு பங்கை எப்போதும் கையில் வையுங்கள். வரி பற்றிய காரியங்களை அதற்குரிய ஆலோசகரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

போதகர் சபைக்காகக் கேட்கிறார் என்று யாரும் எண்ணவேண்டாம். எந்த உண்மையான ஊழியத்துக்கு அனுப்பினாலும் எனக்குச் சந்தோஷமே. மேலும், யோவாசின் நாளில் தாமதித்தவர்கள் கொடுத்த ஜனங்கள் அல்லர், ஆசாரியர்களே. எனவே இந்தக் கேள்வி முதலில் எனக்கும் நம் சபை நிர்வாகத்துக்கும் உரியது. நம் சபையின் சேமிப்பில் நோக்கமில்லாமல் கிடக்கும் தொகை உண்டா என்பதை அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் நானே எழுப்புவேன்.

நம் தாய்மார்கள் ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக் கலயத்தில் போட்டுவந்ததை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அதுவும் ஒதுக்கிவைத்ததுதான். ஆனால் கலயம் நிறைந்ததும் அதை ஆலயத்துக்குச் சுமந்து சென்றார்கள். நாள்பட வைத்தால் வண்டு விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். வங்கிக் கணக்கில் வண்டு விழுவதில்லை. அதனால்தான் நாம் மறந்துபோகிறோம்.

இன்றிரவு அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள். கடைசியாக அதிலிருந்து பணம் வெளியே சென்ற தேதியைக் கண்டு, அதைக் கர்த்தருக்கு முன்பாக வைத்து ஜெபியுங்கள். கொடுக்க மனதைத் தந்த தேவன், கொடுத்து முடிக்கும் கிருபையையும் உங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.