ஆசாரத்துக்கு ஓர் எல்லை உண்டு

கும்பகோணத்தில் ஒரு பழைய வீடு. பின்கட்டில் கிணறும் துவைகல்லும் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டு அம்மையாருக்கு வயது 66. விடியற்காலை நான்கு மணிக்குக் குளிக்கச் செல்வார். வெளியே வரும்போது மணி ஏழைத் தாண்டியிருக்கும். கொடியில் உலர்ந்த மடிப்புடவையைக் கோலால் எடுக்கும்போது அது சுவரில் உராய்ந்ததோ என்று ஓர் ஐயம் எழும். புடவை மறுபடியும் நனைக்கப்படும். அதை நனைத்த கைக்கு மறுபடியும் சுத்தி வேண்டும். ஆகவே மறுபடியும் குளியல்.

கணவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருப்பார். உள்ளேயிருந்து குரல் வரும்: "சரியா அலம்பியாச்சா? நீங்க பாத்தேளா?" அவர், "ஆச்சு, பாத்தேன்" என்பார். சற்று நேரத்தில் அதே கேள்வி, அதே பதில். ஒரு காலை வேளைக்குள் இருபது முறையாவது இது நடக்கும்.

தெருவில் அந்த அம்மையாருக்கு நல்ல பெயர். 'இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மடியா!' என்று வியக்காதவர் இல்லை. கணவருக்கும் தொடக்கத்தில் அதில் பெருமைதான். கோயிலுக்குப் போனால் கூட்டத்தில் யாராவது மேலே பட்டுவிடுவார்கள் என்று அம்மையார் சார்ங்கபாணி சந்நிதிக்குப் போவதை நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்ததைக்கூட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேரனின் ஆண்டுநிறைவுக்கு மகனும் மருமகளும் சென்னையிலிருந்து வந்தார்கள். ஹோமத்துக்கு முன்பு குழந்தை தவழ்ந்து வந்து பாட்டியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தது. அம்மையார் தலைப்பை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். குழந்தை விழுந்து அழுதது. அவர் குளியலறைக்குள் சென்றார். வெளியே வருவதற்குள் ஹோமம் முடிந்து ஆசீர்வாதமும் முடிந்துவிட்டது. மருமகள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை ரயிலுக்கே புறப்பட்டுவிட்டார்கள்.

இவையெல்லாம் சேர்ந்தும் வெளிப்படாத செய்தி, ஒரு தோல் மருத்துவரிடம் வெளிப்பட்டது. விரல் இடுக்குகள் வெடித்து இரத்தம் கசிந்ததால் அவரிடம் சென்றிருந்தார்கள். மருத்துவர் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுவீங்க?" என்று கேட்டார். அம்மையார் தலைகுனிந்தார். "நாப்பது, அம்பது இருக்கும்" என்று கணவர் சொன்னார். "கழுவாம விட்டா என்ன ஆகும்னு தோணுதும்மா?" என்று அடுத்த கேள்வி. அத்தனை ஆண்டுகளாக யாரும் கேட்காத கேள்வி அது. அம்மையார் அழத் தொடங்கினார். "குழந்தைக்கு ஏதாவது ஆயிடும்" என்றார்.

பேரனைத் தள்ளிவிட்டது வெறுப்பால் அல்ல. தன் தீட்டு அவனுக்குத் தீங்கு செய்துவிடும் என்ற அச்சத்தால். தோல் மருத்துவர் களிம்பை எழுதிக் கொடுத்ததோடு, ஒரு மனநல மருத்துவரிடமும் அனுப்பினார்.

இந்த நோயை ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஓ.சி.டி. என்பார்கள், தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று வழங்குகிறது. வேண்டாத ஓர் எண்ணமோ ஐயமோ மனத்தில் ஒட்டிக்கொண்டு விடாமல் அரிக்கும். அந்த அரிப்பைத் தணிக்க ஒரு செயலைச் செய்தாக வேண்டும் போலிருக்கும். செய்தால் சற்று ஆறுதல்; சில நிமிடங்களில் ஐயம் திரும்பி வரும். ஒவ்வொரு முறை பெறும் ஆறுதலும் அடுத்த சுற்றுக்கு வழி திறந்துவிடுகிறது. இவ்வாறு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்தாலோ, வீட்டுக் காரியமும் உறவும் கெடும் அளவுக்கு வளர்ந்தாலோ அதனை நோய் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். வாழ்நாளில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்கு வரக்கூடியது, அபூர்வமானதன்று.

வங்காளத்தில் இதன் ஒரு வடிவத்துக்கு 'சுசிபாய்' என்று வீட்டுப் பேச்சிலேயே பெயர் உண்டு. சுசி என்ற தூய்மையின் மேல் வந்த பித்து என்று பொருள். தமிழ் வீடுகளில் அப்படி ஒரு தனிச்சொல் வழக்கில் இல்லாததால்தானோ என்னவோ, மடி என்ற ஒரே சொல்லின் நிழலில் ஆசாரமும் நோயும் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. இரண்டையும் பிரித்தறிவது எப்படி?

திருக்காளத்தியில் சிவகோசரியார் கண்ட காட்சியை அன்பர்கள் அறிவார்கள். ஆகம முறை வழுவாத அந்த முனிவர், காலையில் சந்நிதிக்கு வந்தபோது பெருமான் திருமுன் இறைச்சியும் எலும்பும் கிடந்தன. திண்ணனார் படைத்துச் சென்றவை. முனிவர் பதறினார், புலம்பினார். பிறகு அவ்விடத்தைத் தூய்மை செய்தார், பொன்முகலியில் நீராடி வந்தார், முறைப்படி பூசை செய்தார், தபோவனம் திரும்பினார். ஆசாரத்துக்கு அதைவிடப் பெரிய சோதனை ஒருவருக்கு வந்திருக்க முடியாது. அவரும் விதித்த அளவே தூய்மை செய்தார். அதன்பின் அவர் மனம் பூசையில் நின்றது, துடைத்த தரையில் நிற்கவில்லை.

ஆசாரத்தின் அடையாளம் இதுதான்: அதற்கு ஒரு முடிவு உண்டு. நீராடினால் நீராடியாயிற்று. வங்கியில் காசாளர் ஒரு கட்டு நோட்டை எண்ணுவார், மறுமுறையும் எண்ணுவார், சீட்டில் கையொப்பமிட்டுக் கட்டிவிடுவார். கட்டிய கட்டை நாள் முழுவதும் அவிழ்த்து அவிழ்த்து எண்ணுகிறவரைக் கவனமானவர் என்று எந்த மேலாளரும் சொல்லமாட்டார். அவருக்கு என்ன துன்பமோ என்றுதான் எண்ணுவார்.

சாத்திரம் இவ்வகையில் மனிதரின் இயலாமையை நன்கு அறிந்தே பேசுகிறது. நோயுற்றோரும் முதியோரும் நீரில் மூழ்கத்தான் வேண்டும் என்று அது வற்புறுத்தவில்லை. திருநீறு தரித்தலை ஆக்நேய ஸ்நானம் என்றும், மந்திரத்தால் புரோக்ஷணம் செய்துகொள்வதை மந்திர ஸ்நானம் என்றும், இறைவனை உள்ளத்தில் நினைப்பதை மானச ஸ்நானம் என்றும் ஏற்றுக்கொண்டது. பூசையின் நிறைவில் மந்திரத்திலும் கிரியையிலும் பக்தியிலும் நேர்ந்த குறைகளைப் பொறுத்தருள வேண்டும் என்று வேண்டிக்கொள்வதும் முறையிலேயே சேர்ந்திருக்கிறது. குறை இருக்கும் என்று அறிந்தே வகுத்த முறை அது. நோயோ குறையைப் பொறுக்காது.

கை கழுவுதல் மட்டுமே அடையாளம் என்று கருதிவிடக் கூடாது. எரிவாயு அடுப்பை அணைத்தோமா என்று எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பதுண்டு. பேருந்து நிறுத்தம்வரை சென்று ஆறுமுறை வீடு திரும்புவது வேறு. காயத்ரி ஜபத்தில் எண்ணிக்கை தவறியதோ என்று மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, அலுவலகத்துக்கு நாள்தோறும் தாமதமாகப் போனவர்கள் உண்டு. பிரதட்சிணத்தில் ஓர் அடி பிசகியது என்று சுற்றை முடிக்க இயலாமல் கால் வீங்கியவர்களும் உண்டு. பூசை அலமாரியில் படங்கள் இம்மியும் சாயக் கூடாது என்று மணிக்கணக்கில் நகர்த்திக்கொண்டே இருப்பதும் இந்த வகைதான்.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. வெளியே எந்தச் செயலும் தெரியாது. உள்ளுக்குள் மட்டும் நிகழ்வது. பல ஆண்டுகள் திருச்செந்தூருக்குக் கால்நடையாகச் சென்றுவந்த ஒரு பெரியவர் திடீரென்று கோயிலுக்கே போகாமலானார். காரணம் கேட்டால் முழங்கால் வலி என்பார். உண்மை வேறு. சந்நிதியில் கண்ணை மூடினால் முருகப்பெருமானைப் பற்றி, வாயால் சொல்லக் கூசும் சொற்கள் மனத்தில் எழுந்தன. கன்னத்தில் போட்டுக்கொண்டார், உண்டியலில் பணம் செலுத்தினார், உபவாசம் இருந்தார். விரட்ட விரட்ட அந்தச் சொற்கள் கூடின. தாம் மகாபாவி என்று முடிவு கட்டி, மனைவியிடம்கூடச் சொல்லாமல் எட்டு ஆண்டுகள் சுமந்தார்.

அவர் பாவி அல்லர். அந்த எண்ணம் அவருடைய விருப்பமும் அன்று. எவருக்கு எது மிகவும் புனிதமோ, அதையே தேடிச்சென்று தாக்குவது இந்நோயின் இயல்பு. பக்தி இல்லாதவருக்கு அந்தச் சொற்கள் வந்துபோனது கூடத் தெரியாது. குழந்தையைக் கண்ணாய்க் காக்கும் தாய்க்குத்தான், கத்தியைக் கண்டதும் 'குழந்தையைக் குத்திவிடுவேனோ' என்ற திகில் வருகிறது. எல்லாச் சமயத்தாரிடமும் இது உண்டு. இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலா, 1522-இல் மன்ரேசா என்னும் ஸ்பானிய ஊரில் தங்கியிருந்தபோது, செய்த பாவங்களைச் சரியாகச் சொன்னோமா என்ற ஐயத்தால் மீண்டும் மீண்டும் பாவமன்னிப்புக் கேட்டு, உயிரை விட்டுவிடலாமா என்னும் அளவுக்குத் துன்புற்றதைத் தாமே சொல்லியிருக்கிறார். அத்தகைய ஐயத்துக்கு ஐரோப்பியர் வழங்கும் சொல், கூரிய சிறுகல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. செருப்புக்குள் புகுந்த கல் என்று கொள்ளலாம்.

இந்நோய் பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பருவத்தில் தலைகாட்டுகிறது. ஆகவே, எழுதியதை அழித்து அழித்து எழுதித் தேர்வை முடிக்காமல் வரும் பேரனையும், குளியலறையில் நெடுநேரம் இருக்கும் பேத்தியையும் 'சோம்பேறி' என்று கடிந்துகொள்ளுமுன் தாத்தாவும் பாட்டியும் சற்று நின்று பார்ப்பது நல்லது. 50 வயதுக்குமேல் முதன்முறையாக இத்தகைய மாற்றம் வந்தால் அதற்கு வேறு உடற்காரணம் உண்டா என்பதையும் மருத்துவர் ஆராய வேண்டியிருக்கும். பூட்டியதே நினைவில்லாமல் திரும்ப வந்து பார்ப்பது மறதியாக இருக்கலாம். பூட்டியது நன்றாக நினைவிருந்தும் மனம் நம்ப மறுப்பது இந்நோய்.

சிகிச்சை இருவகை. ஒன்று மாத்திரை. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள்கூட ஆகும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. முதியவர்களுக்கு இம்மாத்திரைகளில் சிலவற்றால் இரத்தத்தில் சோடியம் குறையக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களுக்கு இரத்தக் கசிவும் நேரலாம். ஆதலால், உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். மற்றொன்று பயிற்சி. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் வெளியிட்ட முறை அது. அஞ்சும் பொருளைத் தொட வேண்டும். தொட்டபின் கழுவாமல் இருக்க வேண்டும். அச்சம் ஏறும், கழுவாமலே இறங்கவும் செய்யும். அதை மனம் தானே கண்டுகொள்ள வேண்டும், படிப்படியாக.

குடும்பத்தாரின் பங்கு இங்கே விசித்திரமானது. அன்பினால் செய்யும் உதவியே நோய்க்கு உணவாகிவிடுகிறது. முக்காலியில் அமர்ந்து 'ஆச்சு' என்று சொன்ன கணவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆயினும் ஒவ்வொரு 'ஆச்சு'வும் அடுத்த கேள்வியை அழைத்து வந்தது. அதற்காகத் திடீரென்று பேச்சை நிறுத்திக் கதவைத் தட்டி அதட்டுவதும் கூடாது. நோயாளியும் மருத்துவரும் குடும்பத்தாரும் பேசி வைத்துக்கொண்டு குறைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. இதனைத் தோஷம் என்று கொண்டு புதிது புதிதாகப் பரிகாரங்களைச் சுமத்தினால், அவற்றையும் சரியாகச் செய்தோமா என்ற புதிய ஐயம்தான் சேரும். வழிபாடு நடக்கட்டும்; மருந்தின் இடத்தில் அதை வைக்க வேண்டாம்.

எங்கே போவது என்று அறியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவசச் சேவை அது, தமிழிலும் பேசுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் இந்நோய்க்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது.

கும்பகோணத்து அம்மையாருக்கு முதலில் கொடுத்த பயிற்சி, வாசற்கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு அரை மணி நேரம் கை கழுவாமல் இருப்பது. முதல் நாள் பத்து நிமிடம்கூட இயலவில்லை. கணவரிடம் "சரியா இருக்கா?" என்றபோது, அவர் சொல்லிக்கொடுத்தபடி, "இது அந்த நோயோட கேள்வி. நான் பதில் சொல்லமாட்டேன். பக்கத்திலேயே உக்காந்துண்டிருக்கேன்" என்றார். அப்படிச் சொல்வது அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. மாதங்கள் சென்றன. குளியல் முக்கால் மணி நேரத்துக்கு வந்தது. கை வெடிப்பு ஆறியது. நடுவில் ஒரு முறை, வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்த சமயத்தில், பழைய நிலை திரும்பியது. மருத்துவர் மருந்தின் அளவை மாற்றினார்.

பேரனுக்கு மூன்றாம் வயது நடக்கும்போது மகன் குடும்பத்தோடு வந்தான். சார்ங்கபாணி கோயிலுக்குப் புறப்பட்டார்கள். கோபுர வாசலில் கூட்டம். குழந்தை மண்ணில் விளையாடிய கையோடு பாட்டியின் விரலைப் பிடித்துக்கொண்டான். மருமகள் கைக்குட்டையை எடுத்து அவன் கையைத் துடைக்க விரைந்தாள். அம்மையார், "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு அவனை உள்ளே அழைத்துச் சென்றார். வீடு திரும்பியதும் கை கழுவினார்; இரண்டு முறை. கணவர் எண்ணவில்லை என்று சொன்னார்.