செத்தவர்தான் அசலா?

மேல்நாட்டு ராக் ரசிகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாடகர் சின்ன வயதில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டால், அவர் பாடியதெல்லாம் அன்று முதல் 'அசல்' ஆகிவிடும். அவரோடு சேர்ந்து பாடி, பிழைத்துக் கிடந்து, தலை நரைத்து, அதே பாட்டை இன்றும் மேடையில் பாடுகிறவர் 'வேஷக்காரர்' ஆகிவிடுவார். இது தப்பான தீர்ப்பு. தப்பு என்பதோடு நில்லாமல் கேடும் விளைவிக்கிற தீர்ப்பு. அதைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன்.

"இந்த வயதில் உமக்கு ஏன் ஐயா இந்தக் கறுப்புச் சட்டைக்காரர்கள் விவகாரம்?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. நம் வீட்டுப் பேரப் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பதில் இதுவும் இருக்கிறது. என் பேரன் ஒருநாள் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டு, "இவர்தான் தாத்தா ஒரிஜினல். மத்தவங்க எல்லாம் சும்மா பாடினாங்க, இவர் நிஜமாவே செத்துட்டார்" என்றான். பாட்டு எனக்குப் பிடித்திருந்தது. அவன் சொன்ன காரணம்தான் வயிற்றைக் கலக்கியது. அன்றிலிருந்து அந்த இசைத்தட்டை முழுதாகப் பல முறை கேட்டேன், அதைப் பற்றி நிறையப் படித்தேன்.

கோதிக் ராக் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1970களின் கடைசியில் இங்கிலாந்தில் பங்க் என்ற முரட்டு இசை அலை ஓயத் தொடங்கிய நேரத்தில், அதே இளைஞர்களில் சிலர் வேகத்தைக் குறைத்து இருட்டுப் பக்கம் திரும்பினார்கள். பேஸ் கிட்டார் முன்னால் நடக்கும். மற்ற கிட்டார் எதிரொலியோடு பின்னால் அலையும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். கறுப்பு உடை, வெள்ளை பவுடர் முகம், கண்ணைச் சுற்றி மை. 1979ல் பௌஹாஸ் என்ற குழு பேலா லுகோசியைப் பற்றி ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு பாட்டை வெளியிட்டது. 1931ல் வந்த டிராகுலா படத்தின் கதாநாயகர் அவர். இந்த வகை இசைக்குப் பிள்ளையார் சுழி அந்தப் பாட்டுதான் என்று பலர் சொல்வார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளையார் சுழியே ஒரு நடிகரைப் பற்றியது, அவர் போட்ட வேஷத்தைப் பற்றியது.

பேரன் போட்டுக் காட்டியது அமெரிக்கக் குழு ஒன்றின் பாட்டு. குழுவின் பெயர் கிறிஸ்டியன் டெத். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் 1979ல் தொடங்கியது. 1982ல் அவர்களுடைய முதல் ஆல்பம் 'ஒன்லி தியேட்டர் ஆஃப் பெயின்' வந்தது. பெரிய கம்பெனி எதுவும் வெளியிடவில்லை. ஃபிரான்டியர் ரெக்கார்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனிதான் வெளியிட்டது. வானொலியில் காலை வேளையில் போடக்கூடிய சரக்கு இல்லை அது. கையோடு கையாக, வாய்வழியாகப் பரவியது. அமெரிக்காவில் இந்த வகைக்கு 'டெத்ராக்' என்று தனிப்பெயரே உண்டாகி, அதன் மூலத்தட்டு இதுதான் என்று இன்றும் சொல்கிறார்கள்.

பாடியவர் ராஸ் வில்லியம்ஸ். 1963ல் பிறந்தவர். தட்டு வெளிவந்தபோது பதினெட்டு வயதுப் பையன். கட்டுப்பாடான பாப்டிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர். பாட்டுகளின் பெயர்களைப் பார்த்தாலே அது தெரியும். முதல் நற்கருணை, எரிபலி, உயிர்த்தெழுதல், ஜெபம் என்று எல்லாம் ஆலயத்துச் சொற்கள். தான் வளர்ந்த வீட்டின் மொழியை எடுத்து அந்த வீட்டோடேயே சண்டை போடுகிறான் பையன். நம்பிக்கை உள்ளவர்களுக்கு மனம் நோகும் இடங்களும் அதில் உண்டு. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஆனால் தட்டு ராஸ் ஒருவரின் படைப்பு இல்லை. கிட்டார் வாசித்த ரிக் ஆக்னியூ அதற்கு முன் அடலசன்ட்ஸ் என்ற பங்க் குழுவில் வாசித்துப் பெயர் வாங்கியவர். அவருடைய கிட்டாரை எடுத்துவிட்டால் இந்தத் தட்டில் பாதி காணாமல் போய்விடும். பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் மெக்கியர்ட்டி, டிரம்ஸ் ஜார்ஜ் பெலாங்கர். நாலு பேர் சேர்ந்து இழுத்த தேர்.

பிறகு நடந்ததுதான் வழக்குக்கு வித்து. முதல் தட்டு முடிந்ததும் அந்த நால்வர் கூட்டு கலைந்தது. ராஸ் வேறு ஆட்களோடு சேர்ந்து, வேலர் காண்ட் என்பவரை கிட்டாருக்கு வைத்து, 1984ல் 'கேட்டஸ்ட்ரஃபி பாலே', 1985ல் 'ஆஷஸ்' என்று இன்னும் இரண்டு தட்டுகள் கொடுத்தார். 1985ல் ராஸ் விலகினார். வேலர் அதே பெயரில் குழுவைத் தொடர்ந்து நடத்தினார். சில ஆண்டுகள் கழித்து ராஸும் அதே பெயரில் தட்டு போட ஆரம்பித்தார். ஒரே பெயரில் இரண்டு குழுக்கள். எது அசல், எது போலி என்று ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். 1998 ஏப்ரல் 1ம் தேதி ராஸ் தற்கொலை செய்துகொண்டார். வயது முப்பத்து நாலு.

அதற்குப் பிறகு ராஸ் கட்சிக்காரர்கள் பலருக்கு வேறு சாட்சியமே தேவைப்படவில்லை. "பார்த்தீர்களா, அவர் பாடியது நிஜம்" என்றார்கள். பேரன் எனக்குச் சொன்னதும் அதே வாதம்தான்.

இந்த வாதத்தைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. தட்டு வந்தது 1982ல். மரணம் 1998ல். இடையில் பதினாறு வருடம். 1998ல் நடந்த ஒன்று 1982ல் பதிவான ஒலியை எப்படி மாற்றும்? 1990ல் அந்தத் தட்டைக் கேட்டவர் கேட்டதும், இன்று நான் கேட்பதும் ஒரே ஒலிதான். ராஸ் எழுபது வயது வரை இருந்து தோட்டத்தில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாலும், அந்தப் பதினெட்டு வயதுக் குரலில் ஒரு சுருதிகூடக் குறைந்திருக்காது.

இரண்டாவது, அந்தப் பதினாறு வருடம். ராஸ் சும்மா இருக்கவில்லை. ஷேடோ ப்ராஜெக்ட் என்ற குழு நடத்தினார். பாட்டுக்குப் பதிலாகப் பேச்சை வைத்தும் தட்டுகள் போட்டார். 1995ல் கிட்டான் டிமோன் என்ற பாடகியோடு சேர்ந்து 'ட்ரீம் ஹோம் ஹார்ட்டேக்' என்ற அமைதியான ஆல்பத்தைக் கொடுத்தார். போதைப் பழக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே இத்தனையும் செய்தார். ஒரு மனிதன் எழுந்து நின்று வேலை பார்த்த இந்த வருடங்களையெல்லாம் விட்டுவிட்டு, விழுந்த ஒரு நாளை மட்டும் எடுத்து நெற்றியில் ஒட்டுவது மரியாதையா? அவருடைய ரசிகர் என்று சொல்லிக்கொள்கிறவர் செய்யக்கூடிய காரியமா?

மூன்றாவது, தட்டின் பெயரையே பாருங்கள். 'தியேட்டர்' என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. வேதனையின் நாடகமேடை. இது நாடகம் என்று அந்தப் பையனே வாசலில் பலகை மாட்டி வைத்திருக்கிறான். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, "நடிகன் நிஜமாகவே செத்தால்தான் டிக்கெட் காசு செரிக்கும்" என்பது எந்த ஊர் ரசனை? ஒப்பாரி வைக்கிற பாட்டி பாடி முடித்து, முகம் துடைத்து, காபி வாங்கிக் குடிப்பாள். அதனால் அவள் வைத்த ஒப்பாரி பொய் என்று யாராவது சொல்வோமா?

இந்தப் பழக்கம் ராஸோடு தொடங்கியதும் இல்லை. இங்கிலாந்தில் ஜாய் டிவிஷன் என்ற குழுவின் பாடகர் இயன் கர்டிஸ் 1980 மே 18ம் தேதி தற்கொலை செய்துகொண்டார். வயது இருபத்து மூன்று. இரண்டு மாதம் கழித்து 'க்ளோஸர்' என்ற தட்டு வந்தது. அட்டையில் இத்தாலியக் கல்லறைச் சிற்பம் ஒன்றின் படம். உடனே தீர்க்கதரிசனம் என்றார்கள், சாவுச் சீட்டு என்றார்கள். அந்தப் படத்தை அவர் இறப்பதற்கு முன்பே தேர்ந்தெடுத்துவிட்டிருந்தார்கள் என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இயன் கர்டிஸ் யார் தெரியுமா? நம்மில் பலரைப் போல அரசாங்க வேலை பார்த்தவர். உடல் ஊனமுற்றவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் அலுவலகத்தில் இருந்தார். வலிப்பு நோய் அவருக்கு இருபது வயதுக்கு மேல் தீவிரமாக வந்தது. ராத்திரி மேடை, சரியான தூக்கம் கிடையாது, கனமான மாத்திரைகள், வீட்டில் கைக்குழந்தை, உடைந்துகொண்டிருந்த திருமணம். இத்தனையும் சுமந்தது ஓர் இளைஞன். அவருக்குத் தேவைப்பட்டது ஓய்வு, வைத்தியம், பக்கத்தில் உட்கார ஓர் ஆள். நோயாளியின் முடிவைக் கலைஞனின் சாதனை என்று எழுதி வைத்தோமானால், அடுத்து அதே நிலையில் இருக்கிற பையனுக்கு நாம் என்ன செய்தி சொல்கிறோம்? மீதமிருந்த மூவரும் நியூ ஆர்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்து வாசித்தார்கள். அவர்கள் உயிரோடு இருந்தது ஒரு குறையா?

இப்போது எதிர்ப்பக்கத்துக்கு ஓர் ஆளைக் காட்டுகிறேன். தி க்யூர் என்ற குழுவின் ராபர்ட் ஸ்மித். 1959ல் பிறந்தவர். நம்மைவிடக் கொஞ்சம் இளையவர், அவ்வளவுதான். 1982ல், கிறிஸ்டியன் டெத்தின் முதல் தட்டு வந்த அதே ஆண்டில், அவரும் மிக இருண்ட ஓர் ஆல்பத்தைப் போட்டார். பள்ளிக்கூடத்தில் பழகிய பெண்ணையே 1988ல் கல்யாணம் செய்து இன்றுவரை அவரோடு வாழ்கிறார். கலைந்த தலையும் உதட்டுச் சாயமும் இன்னும் இருக்கின்றன. "வசதியாக வாழ்கிறவனுக்கு என்ன இருட்டு?" என்று அவரை இளக்காரம் செய்தவர்கள் உண்டு. 2024 நவம்பரில், அறுபத்தைந்து வயதில், 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' என்ற தட்டைக் கொடுத்தார். பதினாறு வருடத்துக்குப் பிறகு வந்த புதுத் தட்டு. பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. இடையில் தாய், தகப்பன், அண்ணன் என்று ஒவ்வொருவராகப் போயிருந்தார்கள். அண்ணனுக்காகவே ஒரு பாட்டு அதில் இருக்கிறது. கூடப் பிறந்தவரைத் தூக்கிக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தத் துக்கத்தைப் பாட இருபத்து மூன்று வயதில் முடியுமா? அந்த இருட்டை அறிய, இருந்து பார்த்திருக்க வேண்டும். உயிரோடு இருந்ததால்தான் அந்தப் பாட்டு நமக்குக் கிடைத்தது.

"அப்படியானால் போலி என்று எதுவுமே இல்லையா?" என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. கடையில் சிலுவையும் மண்டை ஓடும் வாங்கி மாட்டிக்கொண்டு, அடுத்தவர் கிட்டார் ஒலியை அப்படியே நகல் எடுக்கிற குழுக்கள் நூறு உண்டு. அவர்கள் போலி என்பதற்குக் காரணம் அவர்கள் உயிரோடு இருப்பது அல்ல. அவர்களுக்கென்று சொல்ல எதுவும் இல்லாதது. ராஸ் ஆலயத்துச் சொற்களைத் தொட்டபோது அது அவர் பிறந்து வளர்ந்த வீட்டுச் சொல். எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆக்னியூவுக்கு பங்க் மேடையில் விரல் தேய வாசித்த பழக்கம் இருந்தது. அந்தத் தட்டை அசல் என்று நான் சொல்வது இதனால்தான். இதைக் கண்டுபிடிக்கக் காது போதும். மரணச் சான்றிதழ் வேண்டாம்.

வேலர் கட்சி, ராஸ் கட்சி என்ற சண்டையிலும் இதே அளவுகோல்தான் என்னுடையது. பெயர் யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எந்தத் தட்டு நன்றாக இருக்கிறது என்பதைத் தட்டைப் போட்டுக் கேட்டுச் சொல்லலாம். ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் மற்றவர் தோற்றுவிட்டார் என்பது இசை விமர்சனம் ஆகாது.

கடைசியாக, பேரப் பிள்ளைகள் உள்ள நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் கறுப்புச் சட்டை போட்டால் பதறாதீர்கள். இருண்ட பாட்டுக் கேட்கிற பிள்ளை கெட்டுப்போகும் என்பதும் இன்னொரு மூடத்தனம். பல பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு துணையாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டாவது சேர்ந்து கேளுங்கள். ஆனால் "செத்ததால்தான் பெரியவர்" என்ற பேச்சு வந்தால் மட்டும் சிரித்து மழுப்பிவிட்டு எழுந்து போகாதீர்கள். அது தப்பு என்று அங்கேயே சொல்லுங்கள். பிள்ளையின் முகம் வாடியிருந்தால், "உன் மனசுக்கு என்ன கஷ்டம்?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் கெட்ட எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், டாக்டர்களே கேட்கத்தான் சொல்கிறார்கள். என் பேரனிடம் நானும் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல தாத்தா" என்று சிரித்தான். அடுத்த வாரம் ராபர்ட் ஸ்மித்தின் புதுத் தட்டை இரண்டு பேரும் சேர்ந்து முழுதாகக் கேட்டோம்.