மிஞ்சிய சூடும் மிகுந்த பொறுமையும்

அடையாள அட்டைக்குப் பிளாஸ்ரிக் உறையிடும் லமினேற்றிங் இயந்திரமொன்றைப் பழைய சாமான் கடையிலிருந்து நாம் வாங்கி வந்தபோது வீட்டார் நகைத்தனர். மின்சுற்றுப் பலகை செய்வதற்கு என்றோம். நகைப்பு மேலும் வலுத்தது.

விடயம் இதுதான். லேசர் அச்சுப்பொறியின் மை உண்மையிற் பிளாஸ்ரிக் கலந்த தூள். வழவழப்பான தாளில் அச்சிட்ட சுற்றுப் படத்தைச் செப்புப் பலகைமேற் கவிழ்த்துச் சூட்டுடன் அழுத்தினால், தூள் உருகிச் செம்பைப் பற்றும். தாளை நீரில் ஊறவைத்து உரித்தபின், பலகையைப் பெரிக் குளோரைட்டுக் கரைசலில் இட்டால் மை மூடாத செம்பு கரைந்துவிடும். மூடிய கோடுகளே மின்பாதைகளாக எஞ்சும்.

முன்னர் மின்னழுத்தியால் தேய்த்துப் பார்த்தோம். ஓரிடத்தில் மை பரவியது; வேறோரிடத்தில் ஒட்டவேயில்லை. கை எங்கும் ஒரே சீராய் அழுத்துவதில்லை, உருளைகள் அழுத்தும். ஆனால் அவை மெல்லிய தாளுக்கானவை. பலகையின் கனமோ 1.6 மி.மீ. ஆகவே உருளைகளின் இடைவெளியைச் சற்றே அகட்டினோம்.

அப்போதும் சூடு போதவில்லை. உள்ளிருந்த வெப்ப உருகியை அகற்றத் துணிந்தோம். அருகிருந்த மகள், "சூடு மிஞ்சினால் பிறகு அதை நிறுத்துவது யார், அப்பா?" என்றாள். வாயடைத்துப்போனோம். தீவிபத்தைத் தடுக்கும் காவலனையன்றோ நாம் வீட்டைவிட்டுத் துரத்த இருந்தோம்!

உருகியை விட்டுவைத்து, பலகையைப் பலமுறை செலுத்தினோம். கோடுகள் பிசிறின்றிப் பதிந்தன. முயல்வோர் மூடியைத் திறக்குமுன் மின்செருகியைக் கழற்றுக. வேண்டியது மிஞ்சிய சூடன்று, மிகுந்த பொறுமையே.